வகுப்பறை ஓய்வுபெற்றோர் மடம் அல்ல

பல்கலைக்கழக இதழியல், வெகுஜனத் தொடர்பியல் துறைகளுக்கு ஆசிரியர் தேவை என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரு குரல் தவறாமல் எழும். இம்முறை மூத்த பத்திரிகையாளர் ஒருவர் அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். அவர் தரப்பைச் சிதைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். இதழியல் கைப்பழக்கத்தால் வரும் தொழில்; களத்தில் நின்றவர்தான் அதைக் கற்றுத்தர முடியும். நெட் தேறி, முனைவர் பட்டம் வாங்கி வருகிறவர்கள் செய்தி அறையின் வாசலை மிதிக்காதவர்கள். அவர்கள் ஒப்பிக்கும் கோட்பாடுகளால் மாணவருக்கு வேலை கிடைக்காது. யுஜிசி விதி, இனச்சுழற்சி, தேர்வுக் குழு எல்லாம் திறமைசாலிகளை வெளியே நிறுத்தும் முட்டுக்கட்டைகள். ஆகவே நிரந்தரப் பணியிடங்களை நிரப்பக் காத்திருக்காமல், அனுபவமிக்க ஊடகர்களை ஒப்பந்தத்தில் அழைத்து வகுப்புகளை ஒப்படைத்துவிட வேண்டும். இதுதான் அவர் வாதம்.

இதில் கால் பங்கு உண்மை உண்டு. அந்தக் கால் பங்கை முன்னால் நிறுத்தி, முக்கால் பங்கு அநியாயத்தைப் பின்னால் கூட்டி வருகிறார். கேட்பதற்கு நன்றாக இருப்பதால் துணைவேந்தர்களும் நிதித்துறை அதிகாரிகளும் இந்த வாதத்தை விரும்புகிறார்கள். அதனாலேயே இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கால் பங்கு. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 100 மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் தருகிறது. இளநிலைப் பட்டத்துக்கு 15 வரை, முதுநிலைக்கு 25 வரை, எம்ஃபில், முனைவர் பட்டம் இரண்டுக்கும் சேர்த்து 30, நெட் வகைக்கு 7, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, கற்பித்த அனுபவத்துக்கு 10, விருதுகளுக்கு 3. மாவட்ட நிருபராகப் பத்து ஆண்டு அலைந்தவருக்கு அந்த அலைச்சலின் பேரில் இந்தப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நெட் தேர்வும் அப்படித்தான். இரண்டு தாள், 150 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. முன்பு இருந்த, விரிவாக எழுதும் மூன்றாம் தாளும் 2012 ஜூனில் கொள்குறித் தாளாக மாறியது. ஒரு செய்திக்கு ஒழுங்காக இன்ட்ரோ எழுதத் தெரியாத ஒருவர் இதழியல் பாடத்தில் நெட் தேறிவிட முடியும். இது பெரிய குறை. இதைத் திருத்தக் கோரி அந்தப் பத்திரிகையாளர் நண்பர் எழுதியிருந்தால் அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றிருப்பேன்.

அவர் கேட்பது அதுவல்ல. தேர்வுமுறை ஒரு தகுதியை அளக்கத் தவறுகிறது என்றால், அதையும் சேர்த்து அளக்கச் சொல்ல வேண்டும். அவரோ அளப்பதையே கைவிடச் சொல்கிறார். விதிகளைத் திட்டுகிறவர் அவற்றைப் படித்ததாகவும் தெரியவில்லை. மேலே சொன்ன மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே. இறுதித் தேர்வு நேர்காணலை வைத்தே நடக்க வேண்டும் என்கிறது அதே ஒழுங்குமுறை. விண்ணப்பித்தவரை வகுப்பில் நிறுத்திப் பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கலாம் என்றும் அதிலேயே இடம் இருக்கிறது. அதைச் செய்யாமல் பத்து நிமிடக் கேள்வி பதிலோடு ஆளை அனுப்புகிற பல்கலைக்கழகங்களை அல்லவா அவர் கேட்க வேண்டும்?

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. இசை, நடனம், நாடகம், காண்கலை ஆகிய துறைகளுக்கு அந்த ஒழுங்குமுறையில் தனி வழி இருக்கிறது. நெட்டும் முனைவர் பட்டமும் இல்லாத தேர்ந்த கலைஞர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆனால் புகழை வைத்து உள்ளே வர முடியாது. பெயர்பெற்ற குருவிடம் பயின்றிருக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சியின் 'ஏ' தரச் சான்று போன்ற தகுதி வேண்டும். அதற்கு மேல், தன் கலையைக் காரண காரியத்தோடு விளக்கத் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டுகளோடு கோட்பாடு கற்பிக்கும் அறிவும் வேண்டும். மேடையில் ஆயிரம் கச்சேரி செய்தவரையே 'விளக்கத் தெரியுமா' என்று கேட்கிறது விதி. பத்திரிகையாளருக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் கூடாது? இதழியலுக்கும் இப்படி ஒரு வழியைத் திறக்கக் கேட்டிருந்தால் அது நேர்மையான கோரிக்கை. கேள்வியே இல்லாத வழியைக் கேட்பது சலுகை.

செய்தி எழுதத் தெரிவது ஒரு திறன். எழுதக் கற்றுத்தருவது வேறொரு திறன். ஒரு பயிற்சி வகுப்பைப் பார்ப்போம். பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமி ஒருத்தியைப் பற்றிய செய்தியை மாணவி எழுதி வந்திருக்கிறாள். சிறுமியின் பெயரை அவள் போடவில்லை. ஆனால் ஊர்ப்பெயர் இருக்கிறது. எட்டாம் வகுப்பு என்று இருக்கிறது. தாய் அதே ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையலர் என்றும் இருக்கிறது. டெஸ்கில் இருபது ஆண்டு உட்கார்ந்தவர் கையில் இந்தக் காப்பி வந்தால் மூன்றையும் அடித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் பக்கத்துக்கு அனுப்பிவிடுவார். பத்திரிகைக்கு அது போதும். மாணவிக்குப் போதாது, எது ஏன் அடிபட்டது என்று அவளுக்குத் தெரியாது, அடுத்த முறையும் எழுதுவாள்.

ஆசிரியர் அடிக்க மாட்டார். அந்த ஊர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் குழந்தை யாரென்று கண்டுபிடித்துவிடுவாரா என்று வகுப்பைக் கேட்பார். ஊரில் சத்துணவுச் சமையலர் எத்தனை பேர் என்று ஒரு மாணவர் கேட்பார். ஒருவர்தான் என்று இன்னொருவர் சொல்வார். அந்த நொடியில் வகுப்பு அமைதியாகும். அதன்பின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பலகையில் எழுத வேண்டும்: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று குழந்தையை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளிவரக் கூடாது, மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதோடும் பாடம் முடியாது. தாயின் வேலையை ஏன் எழுதத் தோன்றியது, வாசகர் அதை எதிர்பார்ப்பார் என்று ஏன் நினைத்தோம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. எது செய்தியாகிறது, ஏன் ஆகிறது என்று 1965இல் கால்டுங், ரூகே இருவரும் தொடங்கிவைத்த ஆய்வு மரபு அங்கேதான் தேவைப்படுகிறது. தொழில், சட்டம், கோட்பாடு மூன்றும் ஒரே காப்பியில், ஒரே மணி நேரத்தில் சந்திக்கின்றன. மூன்றையும் அறிந்தவரைத் தேடுவதற்குப் பெயர்தான் ஆசிரியர் தேர்வு. நாற்பது பேரின் காப்பியை வாரந்தோறும் வரிவரியாகத் திருத்தித் தருவதும் அந்த வேலையில் அடக்கம். மாதம் ஒருமுறை வந்து தன் பேட்டி அனுபவங்களைச் சொல்லிவிட்டுப் போகும் பிரபலத்தால் இது நடக்காது.

பட்டமில்லாதவர்கள்தான் இதழியல் கல்வியையே தொடங்கினார்கள் என்று நண்பர் சொல்கிறார். உண்மைதான். 1908இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் பெறாதவர். பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். பத்திரிகை ஆசிரியர் பொறுப்பைத் துறந்து முழுநேரமும் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பள்ளி திறந்த அன்றே மாணவர்கள் பணியாற்றும் நாளிதழையும் வெளிக்கொண்டுவந்தார். தொழிலுக்கான நெறிமுறைகளை வகுத்து எழுதினார். வகுப்பை ஓய்வுநேர வேலையாக அவர் நடத்தவில்லை.

ஜோசப் புலிட்சரும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். செய்தி அறையிலேயே வளர்ந்தவர். பத்திரிகையாளர் பிறக்கிறார், உருவாக்கப்படுவதில்லை என்று அன்றும் சொன்னார்கள். 1904இல் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழில் நீண்ட கட்டுரை எழுதி அந்த வாதத்தை அவர் எதிர்த்தார். சட்டம், அறவியல், வரலாறு, பொருளியல், புள்ளியியல் எல்லாம் பத்திரிகையாளருக்குத் தேவை, அவற்றைப் பல்கலைக்கழகம்தான் தர முடியும் என்று வாதாடினார். அவர் கொடுத்த பணத்தில் 1912இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி திறந்தது. செய்தி அறையின் அருமை தெரிந்த மனிதர், செய்தி அறை மட்டும் போதாது என்று தன் செல்வத்தைக் கொடுத்துச் சொன்னார். நண்பர் துணைக்கு அழைக்கும் முன்னோடிகள் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்கள்.

கோட்பாடு வீண் என்ற பேச்சுக்கு வருவோம். தமிழ்ச் சமூகத்தில் ஊடகம் எப்படி வேலை செய்தது என்று புரியவைத்த நூல்களை எடுங்கள். தேசிய இயக்க காலத்தில் நாடகமும் சினிமாவும் அரசியலைச் சுமந்த கதையை 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்ற நூலாக 1981இல் தந்தவர் தியடோர் பாஸ்கரன். இந்திய அஞ்சல் துறை அதிகாரி. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக அதே ஆண்டு ஆராய்ந்து எழுதியவர் கார்த்திகேசு சிவத்தம்பி, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் எப்படி வாக்காக மாறியது என்று 1992இல் 'தி இமேஜ் டிராப்' நூலில் காட்டியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஆய்வாளர். மூவரில் ஒருவரும் கோடம்பாக்கத்தில் படம் எடுத்தவர் அல்லர். களத்துக்குள் இருந்தவருக்கே களம் புரியும் என்ற விதி இங்கே உடைகிறது. மூவருக்கும் மக்கள் தொடர்பியலில் பட்டம் இருந்ததா என்று பார்த்து ஒதுக்கியிருந்தால் அதுவும் முட்டாள்தனமாக இருந்திருக்கும். செய்த வேலையின் தரத்தைப் பார்க்கத் தெரிந்த தேர்வுக் குழுதான் நமக்கு வேண்டும்.

மாணவருக்குக் கோட்பாடு எங்கே உதவும் என்று நண்பர் கேட்கிறார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்ப ரயில் ஏறினார்கள். வதந்தியைப் பரப்பியவர்களில் யூடியூபர்கள் மட்டும் இல்லை. இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீதும் தமிழ்நாடு காவல்துறை வழக்குப் பதிந்தது. செய்தி அறை அனுபவம் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. காணொளி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று சரிபார்ப்பது கைத்திறன். வெளிமாநிலத்தார் பற்றிய ஒரு பொய்யை மக்கள் ஏன் உடனே நம்புகிறார்கள், ஊடகம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது ஏன் நாட்டின் முதல் பிரச்சினையாகத் தெரிகிறது என்பது கோட்பாடு. 1972இல் மெக்கோம்ஸ், ஷா இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டாம் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அதை வரையறையாக ஒப்பிக்க வைக்கும் ஆசிரியர் மோசமான ஆசிரியர். மோசமாகக் கற்பிக்கப்பட்டதற்காகப் பாடத்தையே தூக்கி எறியச் சொல்வது அறிவுக்குப் பகை.

இனி நண்பர் பெரிதும் நம்பும் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' திட்டம். தொழில் அனுபவத்தின் பேரில் பேராசிரியராக அமர்த்தும் இந்த ஏற்பாட்டுக்கு யுஜிசி 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை என்று அதில் இருப்பதை நண்பர் மேற்கோளாகக் காட்டுகிறார். மற்றதை ஏன் சொல்லாமல் விட்டார்? அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இவர்கள் இருக்கக் கூடாது. இவர்களுக்கான இடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு மேலதிகமானவை. நிரந்தர ஆசிரியர் நியமனத்தைப் பாதிக்கக் கூடாது. பொதுவாக மூன்று ஆண்டு, மிஞ்சினால் நான்கு ஆண்டு. அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. இவ்வளவும் அதே ஆவணத்தில் இருக்கிறது. நிரந்தர ஆசிரியருக்குப் பதிலாக இவர்களை வைக்கலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆவணத்தின் பாதியை மறைத்து மறுபாதியை மேற்கோள் காட்டுவதை எந்த டெஸ்கும் அனுமதிக்காது.

மாணவரின் எதிர்காலமும் இதில் இருக்கிறது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, வெளியிலிருந்து வந்து கற்பிக்கும் இணைப்புநிலை ஆசிரியர்கள் ஆய்வு நெறியாளராக இருக்க முடியாது. துணை நெறியாளராக மட்டுமே இருக்கலாம். நிரந்தர ஆசிரியர் இல்லாத துறையில் ஆய்வு நின்றுபோகும். ஆய்வு நின்ற துறை வெறும் பயிற்சிக்கூடமாகும். பயிற்சிக்கூடம்தான் வேண்டுமென்றால் அதைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் செலவில் நடத்திக்கொள்ளட்டும்.

இனச்சுழற்சி திறமைக்குத் தடை என்று அவர் எழுதிய வரிதான் கட்டுரையிலேயே மிகக் கேடானது. மூத்த நிலை அனுபவம் இருந்தால் போதும் என்கிறாரே, அந்த மூத்த நிலை யாருக்குக் கிடைத்தது? 2006இல் அனில் சமாடியா, யோகேந்திர யாதவ் உள்ளிட்டோர் டெல்லியை மையமாகக் கொண்ட 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. மேல்சாதி இந்து ஆண்கள் மட்டும் 71 விழுக்காடு. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் நடத்திய ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 மேல்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் அப்போதும் ஒருவரும் இல்லை. செய்தி அறை தன் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அந்தச் செய்தி அறையில் மூத்தவராக இருந்ததையே பல்கலைக்கழகத்துக்கும் ஒற்றைத் தகுதியாக வைத்தால், அங்கே சாத்திய கதவு இங்கேயும் சாத்தப்படும். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பல தலைமுறைப் போராட்டத்தில் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் நெட் தேறி, முனைவர் பட்டம் முடித்து, வரிசையில் நிற்கிறார். அவரிடம் 'உனக்கு அனுபவம் இல்லை' என்று சொல்கிறவர், அந்த அனுபவத்தை அவருக்குக் கொடுக்க மறுத்தது யார் என்று முதலில் பதில் சொல்லட்டும்.

அந்த வரிசையில் நின்றபடி கௌரவ விரிவுரையாளராக வேலை செய்பவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019இலேயே சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியம் 20,000 ரூபாயாக இருந்து பிறகு 25,000 ஆனது. கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளமில்லாமல், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல், நான்கு தாள் நடத்தி, விடைத்தாளும் திருத்துகிறார்கள். ஆசிரியர் தரம் சரியில்லை என்று எழுதியவர் இந்தச் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நிரந்தரப் பணியிடங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவர் தரும் யோசனை, இவர்களின் வாழ்நாளை ஒப்பந்தத்திலேயே முடித்துவைக்கும்.

நிரந்தரப் பணி கேட்பது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. 2010இல் 'பெய்டு நியூஸ்' பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு 71 பக்க அறிக்கை தயாரித்தது. பணம் வாங்கிக்கொண்டு வேட்பாளர் விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்டதைப் பெயர் குறிப்பிட்டு எழுதிய அறிக்கை அது. அதை முழுதாக உடனே வெளியிடக் கவுன்சிலே தயங்கியது. இந்த அறிக்கையை வகுப்பில் வைத்து, எந்தெந்த நிறுவனம் என்ன செய்தது என்று மாணவரோடு விவாதிக்கப் போவது யார்? நாளை அதே நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டிய ஒப்பந்த ஆசிரியரா? இந்த ஆண்டோடு பணி முடியும் கௌரவ விரிவுரையாளரா? ஊடகத்தைப் பற்றி ஊடகத்துக்கு அஞ்சாமல் பேச ஒரே இடம் பல்கலைக்கழக வகுப்பறை. அங்கே நிற்பவரின் வேலைக்கு உறுதி வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே பத்திரிகையாளரைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகு, அதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை, பெயர் தெரிந்த நான்கு பேர் போதும் என்று சொல்வது பின்னோக்கிய பயணம்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. காலியாக உள்ள நிரந்தரப் பணியிடங்களை இனச்சுழற்சிப்படி விளம்பரம் செய்து நிரப்புங்கள். நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலில் களப்பணிக்கு மதிப்பெண் கொடுங்கள். விண்ணப்பிப்பவர் தன் சிறந்த செய்தி, ஆவணப்படம், வானொலி நிகழ்ச்சி எதையாவது கொண்டுவரட்டும். அதை ஏன் அப்படிச் செய்தார் என்று தேர்வுக் குழுவின் முன் விளக்கட்டும். மாணவர் முன்னிலையில் ஒரு முழு வகுப்பு எடுக்கட்டும். ஒரு மோசமான காப்பியைத் திருத்திக் காட்டட்டும். இசைக் கலைஞருக்கு இருக்கும் வழியை, அதே கேள்விகளோடு, பத்திரிகையாளருக்கும் திறந்துவிடுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியரைச் சம்பளத்தோடு ஓர் அரையாண்டு செய்தி அறைக்கு அனுப்புங்கள். இவ்வளவும் செய்த பிறகு, 10 விழுக்காட்டு வரம்புக்குள், மூத்த பத்திரிகையாளர்களை மரியாதையோடு அழையுங்கள். அவர்கள் வருவதால் துறை வளரும்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. கற்பிக்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் விண்ணப்பியுங்கள், வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், வரிசையில் நில்லுங்கள். உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அந்த அனுபவத்தைக் காட்டி இன்னொருவரின் வேலையை ஒழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது.